யார் வீட்டுப் பிள்ளை என்று செயலிக்குத் தெரியாது: கேஒய்சி பற்றி ஓர் எளிய விளக்கம்

கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் பூண்டு போடுகிற ஒருவர் வடுகபட்டி கமிஷன் கடையில் மூட்டையை இறக்கினால், அவரிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, அவர் அப்பா காலத்தில் கொடுக்கல் வாங்கல் எப்படி இருந்தது என்பதெல்லாம் கடைக்காரருக்கு அத்துப்படி. அதே ஆள் கைபேசியில் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கப் போனால் கதை வேறு. ஆதார் எண்ணைப் போடு, ஓடிபியைப் போடு, பான் அட்டையைக் காட்டு, செல்ஃபி எடு, கண்ணைச் சிமிட்டு, தலையை இடப்பக்கம் திருப்பு. "என்னப்பா, திருடனைப் புடிச்ச மாதிரி கேக்குறான்?" என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எரிச்சல்படுவதில் ஆச்சரியம் இல்லை.

செயலிக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கிறது. அதற்கு உங்களையும் தெரியாது, பூம்பாறையையும் தெரியாது. பணத்தைக் கையாளும் முன்பு நீங்கள் யார் என்று அது உறுதிசெய்துகொள்ளும் வேலைக்குத்தான் கேஒய்சி (நோ யுவர் கஸ்டமர், அதாவது 'உங்கள் வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்ளுங்கள்') என்று பெயர். அந்த நிறுவனம் விருப்பப்பட்டுச் செய்கிற வேலை அல்ல இது. பணமோசடித் தடுப்புச் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டு, 2005 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ரிசர்வ் வங்கி தரும் விதிகளை 2016-இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். அதைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்தி வந்தவர்கள், 2025 நவம்பரில் நிறுவன வகைவாரியாகப் பிரித்துப் புதிதாக வெளியிட்டார்கள். பொய்ப் பெயரில் கணக்கு தொடங்கிக் கறுப்புப் பணத்தைச் சுழற்றுவதையும், ஏமாற்றிப் பறித்த பணத்தை அடுத்தவர் பெயரில் உள்ள கணக்கில் ஒளித்து வைப்பதையும் தடுப்பது இதன் நோக்கம். சரிபார்க்காமல் கணக்கு கொடுத்தால் வங்கிக்குத்தான் அபராதம். அதனால்தான் அவர்கள் அவ்வளவு கறார்.

கீழ்மலையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். 'ரிஜெக்ட் ஆயிடுச்சு' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. பெரும்பாலும் கோளாறு கைபேசியிலும் இல்லை, செயலியிலும் இல்லை. ஒரே மனிதரைப் பற்றி ஆதார் ஒன்று சொல்கிறது, பான் ஒன்று சொல்கிறது, வங்கிப் புத்தகம் இன்னொன்று சொல்கிறது. அவை மூன்றும் ஒன்றுபோலப் பேச ஆரம்பித்துவிட்டால் மீதி வேலை பத்து நிமிடம்.

எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நிறுவனத்துக்கு அடிப்படையில் இரண்டு சந்தேகங்கள் தீர வேண்டும். நீங்கள் காட்டும் ஆவணம் உண்மையானதா? அதைக் காட்டுகிறவர் அந்த ஆவணத்தில் இருக்கும் அதே ஆள்தானா? பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். 'அட்டையைத்தான் அனுப்பிவிட்டேனே, அப்புறம் செல்ஃபி எதற்கு?' என்று கேட்கிறார்கள். தொலைந்துபோன உங்கள் ஆதார் அட்டையைக் கண்டெடுத்தவரும் அதைப் படம்பிடித்து அனுப்ப முடியும் அல்லவா? செல்ஃபியும் கண் சிமிட்டலும் இரண்டாவது கேள்விக்கானவை. சிமிட்டச் சொல்வது, கேமராவுக்கு முன்னால் இருப்பது உயிருள்ள முகமா, பிடித்துக் காட்டப்படும் புகைப்படமா என்று பார்க்க. முகவரி கேட்பது மூன்றாவது. தேவைப்பட்டால் உங்களைத் தேடி வர ஓர் இடம் வேண்டும் என்பதற்காக.

ஆவணங்களுக்கு வருவோம். 'ஆதார் இல்லாமல் எதுவும் நடக்காது' என்று ஒரு நம்பிக்கை ஊரில் வேரூன்றிவிட்டது. விதி அப்படிச் சொல்லவில்லை. அதிகாரப்பூர்வமாகச் செல்லும் ஆவணங்கள் என்று ரிசர்வ் வங்கி ஆறைப் பட்டியலிட்டிருக்கிறது: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார் வைத்திருப்பதற்கான சான்று, வாக்காளர் அட்டை, மாநில அரசு அதிகாரி கையொப்பமிட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம். 2018 செப்டம்பர் 26 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்ற விதியை ரத்து செய்தது. அரசு மானியம் ஆதார் வழியாக வரும் கணக்கு என்றால் அது வேறு. மற்றபடி ஆதாரைக் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. வாக்காளர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனால் வேலை நடக்கும். கைபேசியிலேயே முடிக்க வேண்டும் என்றால் ஆதார்தான் குறுக்கு வழி. அதனால் அந்த வழியையே விரிவாகச் சொல்கிறேன்.

பான் எண் மேலே சொன்ன ஆறில் ஒன்று அல்ல. அது வருமான வரிக்கானது. அடையாளத்துக்கோ முகவரிக்கோ தனியாகச் செல்லாது. ஆனால் கணக்கு தொடங்க அதுவும் வேண்டும். பான் இல்லாதவர்கள் வங்கிக் கிளையில் அதற்குப் பதிலாக ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம். வீடியோ அழைப்பு வழியாகக் கணக்கு தொடங்குபவர்களுக்குப் பான் இல்லாமல் ஆகாது. ஆதாரோடு கைபேசி எண் இணைந்திருந்தால், வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே இ-பான் இலவசமாகக் கிடைக்கும். இதற்குக் காசு வாங்கும் கடைகள் உண்டு, தெரிந்து கொடுங்கள். பழைய பான் அட்டை வைத்திருப்பவர்கள் அது ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இணைக்காதவர்களின் பான், சில விலக்குகள் தவிர, 2023 ஜூலை 1 முதல் செயலிழந்துவிட்டது. அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கும். செயலி மட்டும் 'செல்லாது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஆதார் எண்ணைப் போட்டு ஓடிபியை அடிக்கும்போது உள்ளே நடப்பது இதுதான். நீங்கள் கொடுத்த 12 இலக்க எண் ஆதார் ஆணையத்தின் தரவு மையத்துக்குப் போகிறது. அங்கே உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் கைபேசி எண்ணுக்கு ஓடிபி வருகிறது. அதை அடித்தால், 'என் விவரத்தை இவர்களுக்குக் கொடுக்கலாம்' என்று நீங்கள் சம்மதித்ததாகப் பொருள். உடனே பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, புகைப்படம் ஆகியவை மின்னணுக் கையொப்பத்தோடு நிறுவனத்துக்குப் போகின்றன. கைரேகையும் கருவிழிப் பதிவும் போவதில்லை. இந்த ஏற்பாடு முழுக்க அந்தக் கைபேசி எண்ணைத்தான் நம்பியிருக்கிறது. ஆதார் எடுத்தபோது கொடுத்த எண் இப்போது இல்லை, ரீசார்ஜ் செய்யாமல் போய்விட்டது, மச்சான் எண்ணைக் கொடுத்திருந்தேன் என்று சொல்பவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம்.  எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போகலாம், அல்லது இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் சேவை உள்ள தபால்காரரிடம் செய்துகொள்ளலாம். கொடைக்கானலுக்கு ஒரு நாள் பஸ் ஏறுவதைவிட இரண்டாவது நல்லது. உங்கள் ஊர்த் தபால்காரரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல்.

வடக்கே பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் இருக்கிறது. படிவங்கள் அதற்கேற்பவே அமைக்கப்பட்டிருக்கின்றன. நமக்கு இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. ஆதார் எடுத்தபோது உட்கார்ந்திருந்த ஆள் 'முருகேசன் பி' என்று அடித்திருப்பார். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். அங்கே 'பழனிச்சாமி முருகேசன்' ஆகிவிடும், சிலருக்கு 'முருகேசன் பழனிச்சாமி'. வங்கிப் புத்தகத்தில் வெறும் 'முருகேசன்'. போதாக்குறைக்கு, பழனிச்சாமியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் எஸ் போட்டிருப்பார், இன்னொருவர் சி-எச் போட்டிருப்பார். நமக்கு எல்லாமே ஒரே முருகேசன். கணினிக்கு இவர்கள் மூன்று நான்கு பேர்.

நிறுவனங்களின் மென்பொருள் பெயர்களை ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடுகிறது. ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் விட்டுவிடும். ஒரு பெயரே முழுசாகக் கூடுதலாக இருந்தால் தடுமாறும். பங்குச் சந்தைச் செயலியோ கடன் செயலியோ உங்கள் வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அன்பளிப்பு இல்லை. அந்தப் பணம் போய்ச் சேரும்போது கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று வங்கி திருப்பிச் சொல்லும். அந்தப் பெயரையும் பான் அட்டைப் பெயரையும் ஒப்பிடத்தான் அந்த ஒரு ரூபாய்.

பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவரின் இனிஷியல், வங்கியில் இரண்டும் கலந்து. பிறந்த தேதியும் அப்படித்தான். மேல்மலையில் வயதானவர்கள் பலரின் ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும், தேதி இருக்காது. பான் அட்டையிலோ முழுத் தேதி வேண்டும் என்பதால் யாரோ ஏதோ ஒரு தேதியைப் போட்டிருப்பார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

எதைத் திருத்துவது என்று குழம்பத் தேவையில்லை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். ஆகவே அதில் எளிதில் கைவைக்காதீர்கள். ஆதாரில் இருப்பது சரியாக இருந்தால் அதையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, பானையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்பத் திருத்துங்கள். பானைத் திருத்த இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வங்கியில் ஒரு கடிதமும் ஆதார் நகலும் போதும். ஆதாரே தப்பு என்றால் மட்டும் அதை முதலில் சரிசெய்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். அவசரமாகக் கடன் தேவைப்படும் நாளில் இதை ஆரம்பிக்காதீர்கள். பூண்டு அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் வாரத்தில் செய்துவைத்தால் பிறகு நிம்மதி.

முகவரிக்காக ஆதாரை மாற்ற ஓடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களின் ஆதாரில் தேனிப் பக்கத்துச் சொந்த ஊர் முகவரிதான் இருக்கும். ஆதார் வழியாக அடையாளம் காட்டுகிறவர், 'நான் இப்போது இருப்பது இங்கே' என்று தானே எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருக்கிறது. சில கிளைகளில் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

ஒரே கேஒய்சியா, பல கேஒய்சியா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. எவ்வளவு பணம் புழங்கப் போகிறது என்பதைப் பொறுத்துப் படிகள் உண்டு. கைபேசி எண்ணுக்கு வந்த ஓடிபியும், ஓர் ஆவணத்தின் எண்ணை நீங்களே அடித்ததும் மட்டுமே உள்ள வாலட் (முன்கூட்டியே பணம் போட்டு வைத்துச் செலவழிக்கும் கைபேசிப் பணப்பை) என்றால், அதில் எந்த நேரத்திலும் 10,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. கடையில் செலவு செய்யலாம், இன்னொருவருக்கு அனுப்பவோ பணமாக எடுக்கவோ முடியாது. முழுச் சரிபார்ப்பு முடிந்த வாலட்டில் 2 லட்சம் வரை வைக்கலாம். ஆதார் ஓடிபி மட்டும் கொடுத்துத் தொடங்கிய வங்கிக் கணக்குக்கும் வரம்பு இருக்கிறது: இருப்பு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதுவும் ஓராண்டுக்குத்தான். அதற்குள் நேரிலோ வீடியோவிலோ முழுச் சரிபார்ப்பை முடிக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். 'ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு நின்னு போச்சு' என்று வருகிற புகார்களில் பாதி இதுதான். காய்கறி விற்ற பணம் மொத்தமாக வரும் மாதத்தில் வரம்பு முட்டிக்கொள்ளும்.

யுபிஐ இதில் சேராது. கூகுள் பே, போன்பே போன்றவற்றில் யுபிஐ தொடங்கும்போது ஆவணம் எதுவும் கேட்பதில்லை. பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது, அங்கே கேஒய்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது. இங்கே பார்ப்பது வேறு: வங்கியில் பதிவான எண்ணின் சிம் இந்தக் கைபேசியில்தான் இருக்கிறதா என்று. அதற்காக உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகவே போகும். எஸ்எம்எஸ் வசதியில்லாத ரீசார்ஜ் போட்டிருந்தாலோ, இரண்டு சிம்மில் தவறானதைத் தேர்ந்தெடுத்தாலோ, சிக்னல் ஒரு கட்டையில் நின்றாலோ அது போகாது. செயலியை அழித்துத் திரும்பப் போட்டும் பலனில்லை. வங்கி எண்ணின் சிம்மைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து செய்தி போகிற மாதிரி ஓர் இடத்தில் நின்று முயற்சி செய்யுங்கள்.

முழுச் சரிபார்ப்பை வீட்டிலிருந்தே முடிக்கும் வழி வீடியோ கேஒய்சி. ரிசர்வ் வங்கி இதை 2020 ஜனவரியில் அனுமதித்தது. கிளைக்குப் போய் நேரில் முடிப்பதற்குச் சமமான மதிப்பு இதற்கு உண்டு. மலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவிதான். ஆனால் அதன் விதிகள் தெரியாமல் உட்கார்ந்தால் திரும்பத் திரும்பத் தோற்கும். ஒரு பாட்டியம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. வங்கி அதிகாரி, "அம்மா, உங்க பிறந்த வருஷம் சொல்லுங்க" என்றார். பாட்டி யோசிக்கிற அந்த ஒரு நொடியில், பக்கத்தில் நின்ற பேத்தி, "அப்பத்தா, ஐம்பத்தெட்டு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டாள். அழைப்பு அத்தோடு ரத்து. அதிகாரி கெட்டவர் அல்ல. வாடிக்கையாளர் பக்கத்தில் யாராவது எடுத்துக் கொடுப்பது தெரிந்தால் விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. மிரட்டி உட்காரவைத்துக் கணக்கு தொடங்கும் கும்பல்களுக்காகப் போட்ட விதி, பேத்தியின் மேல் வந்து விழுந்துவிட்டது. உதவிக்கு ஆள் இருப்பதில் தவறில்லை. வங்கியின் முகவர் வாடிக்கையாளர் பக்கம் இருந்து கைபேசியைச் சரியாகப் பிடித்துக்கொடுக்க அனுமதியும் உண்டு. பதில் மட்டும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். அதனால் பெயர், பிறந்த தேதி, முகவரி, என்ன தொழில், எதற்குக் கணக்கு என்பதையெல்லாம் முந்தைய நாளே ஒருமுறை பேசிப் பார்த்துவிடுங்கள்.

அழைப்பு நடுவில் அறுந்துபோனால் விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதுவும் விதிதான், ஒரே தொடர்ச்சியான பதிவாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஆகவே மன்னவனூர், கிளாவரைப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து முயற்சி செய்வதைவிட, எந்த மேட்டில் சிக்னல் நிலையாக நிற்கும் என்று பார்த்துக்கொண்டு போவது நல்லது. நேரம் காலையில் வையுங்கள். பிற்பகலில் மேகம் இறங்கிவிட்டால் வெளிச்சமும் போய்விடும், பல சமயம் மின்சாரமும் போய்விடும். குல்லா, மப்ளரைக் கழற்றிவிடுங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் குளிருக்குக் காதை மூடிக்கொண்டே செல்ஃபி எடுத்து, 'முகம் பொருந்தவில்லை' என்று வந்து நிற்பவர்கள் டிசம்பரில் அதிகம். பான் அட்டையை அசல் கையில் வைத்திருங்கள், நகல் ஏற்க மாட்டார்கள். அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருக்கும் ஆவணங்களும் செல்லும். கைபேசியில் இருப்பிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் வசதியை இயக்கி வையுங்கள். நீங்கள் இந்தியாவுக்குள் இருக்கிறீர்கள் என்று பதிவு செய்தாக வேண்டும்.

முகம் பொருந்தாததற்கு இன்னொரு காரணம் பழைய ஆதார்ப் படம். குழந்தையாக இருந்தபோது ஆதார் எடுத்த பிள்ளைகள் 5 வயதிலும் 15 வயதிலும் புகைப்படம், கைரேகை, கருவிழி ஆகியவற்றைப் புதுப்பித்தாக வேண்டும். செய்யாமல் விட்டவர்கள் 18 வயதில் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கணக்கு தொடங்கும்போது, பால்குடி முகத்தோடு மீசை முகத்தை ஒப்பிட்டுச் செயலி கையை விரிக்கிறது.

கண் சிமிட்ட முடியாதவர்கள் என்ன செய்வது? பார்வையற்றவர்களும், அமில வீச்சில் முகம் பாதிக்கப்பட்டவர்களும் இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று வந்த தீர்ப்பு, இணையச் சேவைகளை அணுகும் உரிமையும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி, மாற்று வழிகளை ஏற்படுத்த 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது. மண்வேலையும் பூண்டு உரிப்புமாகக் கைரேகை தேய்ந்துபோனவர்களுக்கும் இயந்திரம் ஒத்துழைப்பதில்லை; அவர்கள் கருவிழி, முகம், ஓடிபி என்று வேறு வழி கேட்கலாம்.

ஒருமுறை முடித்துவிட்டால் ஆயுளுக்கும் போதுமா என்றால், போதாது. நிறுவனம் உங்கள் கணக்கை எந்த அளவு ஆபத்தானதாக மதிக்கிறது என்பதைப் பொறுத்து 2, 8 அல்லது 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நம்மைப் போன்ற சாதாரணக் கணக்குகளுக்குப் பெரும்பாலும் 10. எதுவும் மாறவில்லை என்றால் 'மாற்றம் இல்லை' என்று ஓர் உறுதிமொழி போதும். வங்கிச் செயலியிலேயே, ஏடிஎம்மிலேயே, கடிதத்திலேயே கொடுக்கலாம். மியூச்சுவல் ஃபண்டு, பங்குகளுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கீழ் தனிப் பதிவு இருக்கிறது. அதில் உங்கள் நிலை 'சரிபார்க்கப்பட்டது' என்று காட்டினால் அடுத்த நிறுவனத்தில் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. கேஒய்சி விவரங்களைச் சேர்த்துவைக்கும் மத்தியப் பதிவேட்டில் ஏறியவர்களுக்கு 14 இலக்க கேஒய்சி எண்ணும் உண்டு, குறித்து வைத்துக்கொண்டால் சில இடங்களில் வேலை குறையும்.

இந்தப் புதுப்பித்தலைத்தான் மோசடிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "சார், உங்க கேஒய்சி முடிஞ்சிருச்சு. இன்னைக்கு ராத்திரிக்குள்ள பண்ணலைன்னா அக்கவுண்ட் பிளாக் ஆயிடும். வாட்ஸாப்ல ஒரு ஃபைல் அனுப்புறேன், இன்ஸ்டால் பண்ணுங்க." நல்ல தமிழில், வங்கியின் பெயரைச் சொல்லி, உங்கள் பெயரையும் சொல்லித்தான் பேசுவார்கள். அந்த ஃபைலைப் போட்டால் உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவர்களுக்கும் போகும். எந்த வங்கியும் இன்று இரவுக்குள் என்று கெடு வைத்து அழைக்காது. புதுப்பிக்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே பலமுறை அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. கேஒய்சி என்பது நீங்கள் போய்ச் செய்வது, உங்களைத் தேடி வந்து செய்வது அல்ல. உண்மையிலேயே சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பாஸ்புக்கின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். வங்கிகளின் இணையதள முகவரி இப்போது 'பேங்க் டாட் இன்' என்றுதான் முடிய வேண்டும், சேவைக்கான அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் வர வேண்டும். பத்து இலக்கச் சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து 'மேனேஜர்' பேசினால் வைத்துவிடுங்கள்.

என் கடையானாலும் சரி, வேறு எந்தக் கடையானாலும் சரி, ஓடிபியை வாய்விட்டுச் சொல்லாதீர்கள்; கைபேசியை வாங்கி நீங்களே அடியுங்கள். அடிக்கும் முன்பு அந்தச் செய்தியில் எதற்கான ஓடிபி என்று எழுதியிருப்பதையும் படியுங்கள். விடுதியில் அறை எடுக்கவோ வாடகைக்கு வீடு பார்க்கவோ ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே அதை இறக்கிக்கொள்ளலாம். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் பழக்கம் இல்லாதவர்கள் கைரேகையை அங்கேயே பூட்டி வைத்துவிடலாம். ஓடிபி வழியான வேலைகள் அதனால் தடைபடாது. பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பே முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

மோசடி எதுவும் இல்லை, எல்லா ஆவணமும் சரி, ஆனாலும் நிறுவனம் காரணம் சொல்லாமல் தட்டிக் கழிக்கிறது என்றால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். செயலியில் அரட்டை அடிக்கும் இயந்திரத்திடம் கேட்காமல், மின்னஞ்சலிலோ கிளையிலோ புகாராகப் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 14448 என்ற எண்ணில் எப்படி எழுதுவது என்று தமிழிலேயே விளக்குவார்கள். கையில் அந்தப் புகார் எண்ணும் முதல் புகார் கொடுத்த தேதியும் இருந்தால் போதும்.